செருப்புக்குக் காசில்லை, காலை வெட்டக் காசிருக்கு

என் நைனா நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. 2014இல் அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள். அப்போது நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது வங்கியில் எழுத்தர். தினமும் ஊரார் பணத்துக்குப் பற்றும் வரவும் எழுதுகிறேன். அந்தக் காலுக்கான கணக்கை இதுவரை யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சாக்கடை வாரும்போது பாதத்தில் கண்ணாடிச் சில்லு ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. ராத்திரி அம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கத்தினாள். "வலிக்கலமே, சும்மா இரு" என்றார். வலிக்கவில்லை என்பதுதான் வியாதி. ரத்தத்தில் சர்க்கரை வருசக்கணக்கில் ஏறிக்கிடந்தால் பாதத்து நரம்பு செத்துப்போகும். ரத்த ஓட்டமும் குறையும். ஆணி குத்தினாலும் தெரியாது, ஆன புண்ணும் ஆறாது. மஞ்சளை அப்பிக்கொண்டு இருபது நாள் வேலைக்குப் போனார். விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

"ஏன்யா முன்னமே வரல?" என்று கேட்டார் டாக்டர். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு வருசம் முன்பே ஒரு இலவச முகாமில் "சக்கரை இருக்கு" என்று துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெறும் வயிற்றோடு காலையில் வந்து ரத்தம் கொடு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கொடு என்றார்கள். மஸ்டர் காலை 6 மணிக்கு. ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு கொடுப்பதும் காலையில்தான். ஒரு நாள் போனால் 200 ரூபாய் கூலி போச்சு. அடிக்கடி போனால் மேஸ்திரி வேற ஆளை வைத்துக்கொள்வார். "முன்னமே" வருவதற்கு எங்களிடம் ஒரு காலைப்பொழுது கூட இல்லை ஐயா. இதுதான் பதில்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் இரண்டு வருசத்தில் 24 நாள் கூலி, 4,800 ரூபாய். பாதத்துக்கு மெத்தென்றிருக்கும் எம்.சி.ஆர். செருப்பு இரண்டு ஜோடி, 1,200 ரூபாய். மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். ஆக 6,000 ரூபாயில் அந்தக் காலைக் காப்பாற்ற வாய்ப்பிருந்தது. நடந்ததோ வேறு. ஐந்து மாதக் கூலி போனது 26,000 ரூபாய். பிறகு வேலையே போனது. 5 வட்டிக்கு வாங்கிய 20,000 ரூபாய்க்கு மூன்று வருசத்தில் வட்டி மட்டும் 36,000 கட்டினோம், அசல் அப்படியே நின்றது. அம்மாவின் தோடு அடகிலேயே மூழ்கியது. அவரைக் கழிவறைக்குத் தூக்கிப்போக அவள் வீட்டு வேலைக்குப் போவதை விட்டாள். அதற்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

அறுவைக்குப் பணம் கட்டியது அரசுக் காப்பீட்டு அட்டை. மறுக்கவில்லை. ஆனால் அதே அட்டையை நீட்டி ஒரு ஜோடி செருப்பு கேட்டுப் பாருங்கள்! படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டைக்குக் கண் தெரியும். நடக்கிறவனை அதற்குத் தெரியாது.

"செலவுக்கேற்ற பலன்" என்று பொருளாதார மேதைகள் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். சொல் தப்பில்லை. பிரிட்டனில் இருபது ஆண்டுகள் நடந்து 1998இல் முடிவு வந்த பெரிய ஆய்வில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்தால் கண், சிறுநீரகம் போன்றவற்றில் வரும் சிறு ரத்தக்குழாய்ச் சேதம் நாலில் ஒரு பங்கு குறையும் என்று தெரிந்தது. ரத்தக்கொதிப்பையும் சேர்த்துப் பிடித்தவர்களுக்குப் பக்கவாதம் 44 சதவீதம் குறைந்தது. 2006இல் சென்னை ஆய்வாளர்கள், சர்க்கரை வரும் நிலையில் இருந்தவர்களுக்கு உணவும் நடையும் மாறினாலே நோய் வருவது 28.5 சதவீதம் குறைகிறது என்று காட்டினார்கள். 2010இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்து ஆய்வாளர்கள் உலகத்து ஆய்வுகளை எல்லாம் சலித்தெடுத்தார்கள். பெரும்பாலானவை "போட்ட பணத்துக்குப் பலன் உண்டு" ரகம். சில மட்டும் "போட்டதைவிட அதிகம் மிச்சம்" ரகம். புண் வருமுன் பாதத்தைப் பராமரிப்பது அந்த இரண்டாவது ரகம்.

மிச்சம் என்று தெரிந்தும் ஏன் செய்யவில்லை? வங்கிக்காரன் சொல்கிறேன். ஒரு கணக்கில் மிச்சம் என்றால், எந்தக் கணக்கில் பற்று என்று பார்க்க வேண்டும். தடுப்பதற்கான செலவு நைனாவின் கூலியில் பற்று. வெட்டும் செலவு அரசுக் கணக்கில் பற்று. வெட்டிய பிறகான செலவெல்லாம் அம்மா தலையில் பற்று. ஒப்பந்தக்காரர் கணக்கில் மட்டும் ஒரு பைசா பற்று இல்லை. அவருக்கு அடுத்த நாளே வேறு கால் கிடைத்துவிட்டது.

"பணக்கார வியாதிங்க" என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். 2017இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, தமிழ்நாட்டு நகரங்களில் வசதியுள்ளவரைவிட வசதியற்றவரிடம் நீரிழிவு அதிகம் என்கிறது. "வாயைக் கட்டணும்" என்பவர்கள் வேறு சிலர். விடியற்காலையில் ஒரு டீ, பத்து மணிக்கு டீயும் பன்னும், மூணு மணிக்கு ரேஷன் அரிசிச் சோறு. இதில் எதைக் கட்டுவது?

செருப்புக்கு வருகிறேன். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர் என் தாத்தா. செருப்புத் தைத்தவனுக்கே செருப்புப் போட உரிமையில்லாத நாடு இது. 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும், தொழுநோயில் உணர்விழந்த பாதங்களுக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பை உருவாக்கினார்கள். அதே செருப்புத்தான் இன்று சர்க்கரை நோயாளிக்கும். விடை நம் மண்ணிலேயே கிடைத்துப் பல பத்தாண்டு ஆகிவிட்டது. அன்று போடாதே என்றார்கள். இன்று போடு என்கிறார்கள், வாங்கித்தான் தரமாட்டார்கள். தந்தாலும் அளவு பார்க்காத கம்பூட்ஸ். அது உராய்ந்தே கொப்புளம் வரும்.

2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. நல்லது. பாதம் காக்கவும் அரசு திட்டம் அறிவித்திருக்கிறது. அதுவும் நல்லது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர் வரும்போது தொழிலாளி குப்பை வண்டியில் இருக்கிறார். திட்டம் காலை 6 மணிக்கு மஸ்டர் போடும் இடத்துக்கு வரட்டும்.

நாம் கேட்க வேண்டியவை: வெறும் வயிறு வேண்டாத எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை, வேலை இடத்திலேயே. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பரிசோதனை நாளில் கூலியோடு விடுப்பு. வருசம் ஒரு முறை கண், சிறுநீர், பாதம் மூன்றுக்கும் சோதனை. காலுக்கு அளவெடுத்த பூட்ஸ், வீட்டுக்கு எம்.சி.ஆர். செருப்பு. செலவு ஒப்பந்தக்காரர் கணக்கில், ஒப்பந்தப் பத்திரத்திலேயே.

நம் இயக்கத்தையும் ஒன்று கேட்கிறேன். அண்ணல் அம்பேத்கருக்கும் நீரிழிவுதான். கால் வலியோடும் மங்கும் கண்ணோடும்தான் கடைசி ஆண்டுகளில் எழுதினார். ஒவ்வொரு டிசம்பர் 6க்கும் மாலை போடுகிறோம். எத்தனை கூட்டத்தில் இதைப் பேசினோம்? "இது ஆஸ்பத்திரி விசயம், அரசியலா?" என்று ஒரு தோழர் என்னிடமே கேட்டார். ஒரு கால் போனதில் ஒரு குடும்பம் கந்துவட்டிக்காரனிடம் போய் விழுந்தது. இது அரசியல் இல்லையென்றால் எது தோழர்?

மாணவத் தோழர்கள் ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்ளலாம். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை, 10 கிராம் அழுத்தத்தில் வளைவது. கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் சில இடங்களில் வைத்து அழுத்த வேண்டும். தொடுவது தெரியவில்லை என்றால் அந்தப் பாதம் ஆபத்தில் இருக்கிறது, உடனே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்.

நைனாவின் இடது காலை ராத்திரிதோறும் நான்தான் திருப்பிப் பார்க்கிறேன். முதலில் "எங்கால நீ தொடாதடா" என்று இழுத்துக்கொண்டார். இப்போது அவரே நீட்டுகிறார். இன்று ராத்திரி நீங்களும் வீட்டில் பெரியவர்களின் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு, காலை 6 மணிக்கு உங்கள் ஊர் மஸ்டர் போடும் இடத்துக்கு வாருங்கள்.