எரிபொருள் மாறியது, விளக்கம் எங்கே?

காரின் வேகமானிக்கு அருகே சிறிய வட்டமான இன்னொரு மானியைச் சிலர் தனியாக வாங்கிப் பொருத்திக் கொள்கின்றனர். என்ஜினில் எரியும் கலவையில் காற்றும் எரிபொருளும் எந்த விகிதத்தில் உள்ளன என்பதைக் காட்டும் கருவி அது. பந்தயக் கார் ஆர்வலர்களுக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட அந்த விகிதம், 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்ட நிலையில், சாதாரண கார் உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய 14.7 கிலோ காற்று தேவை. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால் அதற்கு 9 கிலோ காற்றே போதும். இரண்டும் கலந்த இ20-க்கு ஏறத்தாழ 13.5 கிலோ. ஆக்சிஜன் உணரி பொருத்தப்பட்ட கார்களில், கணினி எரிபொருளைச் சற்றுக் கூட்டி இந்த வேறுபாட்டை ஈடுசெய்கிறது. கார்புரேட்டர் கொண்ட பழைய கார்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவற்றில் காற்று மிகுந்த கலவையே எரியும்.

அப்படியானால் மானியைப் பொருத்திவிட்டால் உண்மை தெரிந்துவிடுமா? அதிலும் ஒரு சிக்கல் உண்டு. உணரி உண்மையில் அளப்பது புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைத்தான். அதைக்கொண்டு கணக்கிடும் மானிகள் பெரும்பாலும் தூய பெட்ரோலுக்கான 14.7-ஐயே அடிப்படையாகக் கொள்கின்றன. எனவே, இ20 சரியான விகிதத்தில் எரியும்போதும் மானி 14.7 என்றே காட்டும். இதை அறியாதவர் 13.5-ஐ எதிர்பார்த்துக் கலவையை மாற்றினால், எரிபொருள் வீணாவதுடன் புகையும் நச்சாகும்.

மின் இணைப்பிலும் கவனம் தேவை. சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் வரும் இணைப்பிலிருந்து, தனி ப்யூஸ் வைத்து மானிக்கு வயர் இழுக்க வேண்டும். காரில் ஏற்கெனவே உள்ள உணரியின் வயரை வெட்டி அதில் ஒட்டுப் போடுவது பெரும் தவறு. ஒரு வோல்ட்டுக்கும் குறைவான அந்தச் சமிக்ஞை சற்றுப் பிசகினாலும் கணினி தவறான முடிவை எடுக்கும். எர்த் இணைப்பு தளர்ந்திருந்தால் மானியும் பொய் சொல்லும். ப்யூஸ் இல்லாத வயர் உராய்ந்தால் தீவிபத்துக்கே வழிவகுக்கும்.

உரிமையாளரை இத்தகைய முயற்சிக்குத் தூண்டுவது தகவல் வறட்சிதான். 2018-ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 20 சதவீதக் கலப்புக்கு 2030-ஐ இலக்காக வைத்தது. 2025-லேயே அது எட்டப்பட்டது. கச்சா எண்ணெய் இறக்குமதிக்கான அந்நியச் செலாவணி மிச்சமாவதும், கரும்பு, மக்காச்சோள விவசாயிகளுக்குச் சந்தை கிடைப்பதும் மறுப்பதற்கில்லை. ஆனால், பழைய வகை நான்கு சக்கர வாகனங்களில் எரிபொருள் சிக்கனம் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-இல் நீதி ஆயோக் வெளியிட்ட செயல்திட்டமே கூறியிருந்தது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. தேர்வு இல்லை என்றான பிறகு, விளக்கமாவது கிடைக்க வேண்டாமா?

எந்த ஆண்டில் தயாரான எந்த மாதிரி இ20-ஐத் தாங்கும், எந்த ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டும் என்பதைக் கார் நிறுவனங்கள் மாதிரிவாரியாக வெளியிட வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 முதலான பெட்ரோல் கார்களுக்கு, மாசுச் சோதனையிலேயே லாம்டா எனப்படும் கலவை அளவைப் பரிசோதிக்க விதி இருக்கிறது. அந்த எண்ணின் பொருளை உரிமையாளருக்கு விளக்கிச் சொல்ல தனிச் செலவு எதுவும் ஆகாது.

எரிபொருளை மாற்ற அரசுக்கு உரிமை உண்டு. அந்த மாற்றம் தன் வாகனத்தை என்ன செய்கிறது என்று அறிய மக்களுக்கும் உரிமை உண்டு. அதற்காக அவர்கள் கைக்காசைச் செலவழித்து மானி வாங்கி, வயரை வெட்டிக்கொண்டிருக்க வேண்டிய நிலை நீடிக்கலாகாது.