புகையும் ஓஸோனும்

ஆஸ்திரேலியாவின் காடுகள் 2019-ம் வருஷக் கடைசியிலும் 2020-ம் வருஷ ஆரம்பத்திலும் பற்றி எரிந்தபோது கிளம்பிய புகை, மழைமேகங்களையும் கடந்து, சுமார் 20 மைல் உயரம் வரை ஏறிற்று. அவ்விதம் மேலே சென்றது ஏறக்குறைய 10 லக்ஷம் டன் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தீ அணைந்த பின்னரும் அப்புகை மாதக்கணக்காக அங்கேயே தங்கியிருந்தது.

ஓஸோன் புகைக்கரியைத் தாக்கித் தானும் அழியும் என்பது மெய்யே. ஆயினும் கரித்துகளின் மேற்பரப்பு விரைவில் செயலற்றுவிடுவதால் அந்த நஷ்டம் அற்பம். விபரீதம் வேறிடத்தில் இருக்கிறது. குளிர்ப்பெட்டிகளுக்காக மனிதன் உண்டாக்கிய குளோரோபுளோரோகார்பன் வாயுக்களிலிருந்து பிரிந்த குளோரின், வானத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் முதலிய சாதுவான உருவங்களில் அடங்கிக் கிடக்கிறது. துருவப் பிரதேசத்தில், பூஜ்யத்துக்குக் கீழ் 78 டிகிரிக் குளிரில் உண்டாகும் மேகங்களின்மீதுதான் அது பெரும்பாலும் விழித்தெழுவது வழக்கம். ஸூஸன் ஸாலமன் அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2023-ல் 'நேச்சர்' பத்திரிகையில் பிரசுரித்த ஆராய்ச்சியோ, மரம் எரிந்த புகைத்துகளில் அவ்வமிலம் அத்தனை குளிர் இல்லாத இடத்திலும் எளிதில் கரைந்து குளோரினை விடுவிக்கிறது என்று கூறுகிறது. இதனால் 2020-ல் தென்பாதியின் மத்தியப் பிரதேசங்களில் ஓஸோன் 3 முதல் 5 சதவிகிதம் வரை குறைந்ததென்பது அவர்கள் முடிவு.

1987-ல் மாண்ட்ரீலில் ஏற்பட்ட உடன்படிக்கையை ராஜ்யங்கள் கொண்டாடுகின்றன, கொண்டாடத் தக்கதே. ஆனால் அதற்கு முன் விட்ட வாயுக்கள் இன்னும் பல பத்தாண்டுகள் வானில் இருக்கும். அவற்றைத் தட்டியெழுப்பும் காட்டுத்தீயோ எந்தக் கையொப்பத்துக்கும் கட்டுப்படாது. அத்தீயை வளர்க்கும் வெப்பத்துக்குக் காரணமான நிலக்கரி கட்டுப்படும்; கட்டுப்படுத்த மனம் இருந்தால்.

2019, ஆஸ்திரேலியாவில் பதிவான வருஷங்களில் மிக வெப்பமானதும் மிக வறண்டதுமாகும். அந்நாடு உலகுக்கு நிலக்கரி விற்பவைகளில் முதல் வரிசையிலுள்ளது. 2017-ல் நிதி மந்திரியாயிருந்த ஸ்காட் மாரிஸன் நிலக்கரிக் கட்டியொன்றைப் பார்லிமெண்டுக்குள் கொண்டுவந்து, இதற்கு அஞ்சாதீர்கள் என்று எதிர்க்கட்சியாரைப் பரிகஸித்தார். காடுகள் எரிந்தபோது அவரே பிரதம மந்திரி! நம் தேசமும் நிலக்கரி எரிக்கிறதே என்பார் உண்டு. எரிக்கிறது, அதற்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஓஸோனுக்கு ஓர் உடன்படிக்கை, வெப்பத்துக்கு வேறோர் உடன்படிக்கை என்று தனித்தனியே கூடிக் கலைவதை ராஜ்யங்கள் நிறுத்தி, இவ்விரண்டையும் ஒரே மேஜைமீது வைத்து விசாரிக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.