இரைச்சலும் ஒரு சாட்சி

பழைய பேச்சுப் பதிவுகளில் கேட்கும் இரைச்சல் ஒரே வகையானதல்ல. அரக்குத் தட்டில் ஊசி உரசும் கரகரப்பு, கீறலில் ஊசி துள்ளும்போது விழும் ‘டிக்’, ஒலிநாடாவின் ஓயாத ‘உஸ்’, மின்கம்பியிலிருந்து கசியும் ரீங்காரம், ஒலிபெருக்கியின் ஊளை, கூட்டத்தின் இருமல், விசில், கைதட்டல் எனப் பட்டியல் நீளும். முதல் மூன்றும் பதிவைச் சுமக்கும் தட்டுக்கும் நாடாவுக்கும் உரியவை. ஊளையும் விசிலும் கைதட்டலும் பேச்சு நிகழ்ந்த இடத்துக்கு உரியவை. ரீங்காரம் பதிவு செய்த நாளிலும் புகுந்திருக்கலாம், பிரதி எடுத்த நாளிலும் புகுந்திருக்கலாம். இந்த வேறுபாட்டைப் பாராமல் எல்லாவற்றையும் குப்பையென்று ஒரே வாரியலால் பெருக்கித் தள்ளுவதே இப்போது ‘ஒலி மீட்பு’ என்ற பெயரில் நடந்துவருகிறது.

மறைந்த தலைவர்களின் உரைகளைச் செயற்கை நுண்ணறிவால் துலக்கி, நேற்றுப் பேசியது போல வெளியிடும் வழக்கம் பரவிவிட்டது. எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது, மூலம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. மறைந்த மு. கருணாநிதியின் உருவமும் குரலும் 2024 ஜனவரியில் செயற்கை நுண்ணறிவின் வழியே மேடையேறின. அதே மாதம் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகிய மறைந்த பாடகர்களின் குரல்கள் ‘லால் சலாம்’ படப் பாடலுக்காக உருவாக்கப்பட்டன. இரண்டும் விவாதத்தைக் கிளப்பின. ஆனால் அவை செயற்கை என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். துலக்கிய பழைய உரையோ அசல் என்ற பெயரிலேயே காதுக்கு வருகிறது. ஆகவே அதன் ஆபத்துதான் பெரிது.

துப்புரவில் நியாயமான பகுதி உண்டு, அது கணினியைத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. தட்டின் பள்ளங்களில் படிந்த தூசியையும் பூஞ்சையையும் மென்தூரிகையால் கழுவி எடுக்க வேண்டும். அரக்குத் தட்டுக்குச் சாராயம் கலந்த கரைசல் ஆகாது, அது அரக்கையே கரைத்துவிடும். பிற்கால எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை ஏறத்தாழ 25 மைக்ரான் ஆரம் உடையது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அரக்குத் தட்டுக்கு அதைப்போல் மும்மடங்கு தடித்த ஊசி வேண்டும். மெல்லிய ஊசி பள்ளத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உருண்டு கரகரப்பைக் கூட்டும். ஈரத்தால் பிசுபிசுத்துப்போன நாடாவை ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே ஓட்ட முடியும். இவ்வளவும் பொறுமையாகச் செய்தாலே இரைச்சலில் கணிசமான பகுதி போய்விடும். மென்பொருளை நம்பி இந்தப் படியைத் தாண்டுவது, சோற்றில் கல் கிடக்க, அரிசியைக் களையாமல் குழம்பில் மசாலாவைக் கூட்டுவதற்குச் சமம்.

மிஞ்சும் இரைச்சலில் என்ன இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. இந்திய மின்சாரம் நொடிக்கு 50 முறை அதிர்கிறது. மின்சாரத்தில் ஓடிய கருவியில் பதிந்த பழைய நாடாவின் அடியில் அந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒரு மெல்லிய கோடாகக் கிடக்கும். அலைவெண் வரைபடத்தில் அந்தக் கோடு 53-இல் தெரிந்தால், நாடா 6 விழுக்காடு வேகமாக ஓடுகிறது என்று பொருள். அந்த வேகத்தில் பேச்சாளரின் குரல் ஏறத்தாழ அரைச் சுரம் உயர்ந்துவிடும். ஒரு மணி நேர உரை மூன்றரை நிமிடம் முன்பே முடிந்துவிடும். நிதானமாகப் பேசியவர் பதற்றக்காரராகிவிடுவார். இதைச் சரிசெய்வதற்கான நல்ல அளவுகோல் அந்த ரீங்காரம். துப்புரவுக் கருவிகள் பலவும் முதலில் துடைப்பது அதைத்தான்.

வேகம் பிசகினால் ஆளே மாறிவிடுவார் என்பதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. பாரிஸில் எதுவார்-லியோன் ஸ்காட் 1860 ஏப்ரல் 9 அன்று புகைக்கரி பூசிய தாளில் ஒரு பாடல் துணுக்கைக் கோடுகளாகப் பதிந்தார். 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கோடுகளை ஒலியாக்கினர். கேட்டவர்கள் அது ஒரு பெண் அல்லது சிறுமியின் குரல் என்றனர். உலகமே வியந்தது. அடுத்த ஆண்டு தவறு தெரிந்தது: ஒலி இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியிருந்தது. சரியான வேகத்தில் கேட்டபோது பாடியது ஓர் ஆண், பெரும்பாலும் ஸ்காட்டேதான் என்று புலனானது. திருத்தத்துக்கு உதவியது குரலோடு சேர்ந்து அதே தாளில் பதிந்திருந்த இசைக்கவையின் அலைக்கோடு. குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்திருந்தால், அந்தச் சிறுமி இன்றும் வரலாற்றில் பாடிக்கொண்டிருப்பாள்.

இரைச்சலே சாட்சி சொன்ன பெரிய வழக்கு வாட்டர்கேட். 1972 ஜூன் 20 அன்று அமெரிக்க அதிபர் நிக்ஸன் தன் உதவியாளர் ஹால்டிமனுடன் பேசிய நாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சு இல்லை, வெறும் ரீங்காரம் மட்டுமே. கைதவறி அழிந்திருக்கும் என்று விளக்கம் சொல்லப்பட்டது. நீதிமன்றத்துக்காக அமைந்த ஆறு வல்லுநர்கள் அந்த ரீங்காரத்தையே கூர்ந்து கேட்டனர். அழிக்கும் முனை தொடங்கி நிற்கும்போது விழும் ‘டிக்’ ஒலிகளை எண்ணினர். நாடாவில் காந்தத் தடங்கள் கண்ணுக்குத் தெரியுமாறு திரவம் தடவிப் பார்த்தனர். குறைந்தது ஐந்து முறை தனித்தனியாக, கையால் விசையை இயக்கி அழிக்கப்பட்டிருக்கிறது என்று 1974-இல் அறிவித்தனர். இன்றைய துப்புரவுக் கருவி அந்த நாடாவில் ‘டிக்’ ஒலிகளையும் ரீங்காரத்தையும்தான் முதலில் நீக்கியிருக்கும். மிஞ்சியிருப்பது பதினெட்டரை நிமிடத் தூய மௌனம். அந்த மௌனத்திடமிருந்து எந்த நீதிபதியும் எதையும் அறிந்திருக்க முடியாது.

அந்த அறுவரில் ஒருவர் தாமஸ் ஸ்டாக்ஹாம். 1976-இல் வெளிவந்த, பழைய பாடகர் கரூஸோவின் துலக்கப்பட்ட இசைத்தட்டுக்குக் கணினி வழி கண்டவரும் அவரே. பழைய ஒலிக்கூம்பு குரலை எப்படித் திரித்தது என்பதைத் தற்காலப் பாடகரின் பதிவோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டு, அந்தத் திரிபைக் கழித்தார். அவர் செய்த ஒவ்வொரு படியும் கணக்கு. இன்னொருவர் திரும்பப் போட்டுச் சரிபார்க்க முடியும். 1979-இல் ஸ்டீவன் போல் வெளியிட்ட நிறமாலைக் கழித்தல் முறையும் அத்தகையதே. பேச்சில்லாத இடத்தில் இரைச்சலின் அளவை எடுத்து, பேச்சுள்ள இடத்தில் அதைக் கழிக்கிறது. அளவு மீறினால் ‘கிணுகிணு’ என்ற மிச்ச ஒலி காட்டிக்கொடுத்துவிடும். அந்த முறையின் தவறு காதில் விழும் தவறு.

இன்றைய ஆக்கவகைச் செயற்கை நுண்ணறிவு கழிப்பதில்லை. சிதைந்த ஒலியைப் பார்த்து, இந்த இடத்தில் என்ன ஒலி இருந்திருக்கும் என்று ஊகித்துப் புதிதாக வரைகிறது. வரைந்தது வழவழவென்று இருப்பதால் தவறு காதுக்குத் தட்டுப்படாது. சுவரோவியத்தில் உதிர்ந்த கண்ணைப் புதுச் சாயத்தால் தீட்டிவிட்டு, பழைய ஓவியம் கிடைத்துவிட்டது என்று சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

ஊகம் எங்கிருந்து வருகிறது? இங்கே ஓர் எண்ணை மனத்தில் இருத்த வேண்டும்: 28. பேச்சிலிருந்து இரைச்சலை நீக்கும் ஆய்வுகளில் மிகப் பரவலாகக் கையாளப்படும் பயிற்சித் தொகுப்புகளுள் ஒன்று, எடின்பரோ பல்கலைக்கழகத்தில் உருவான ‘வாய்ஸ்பேங்க்-டிமாண்ட்’. அதன் பெரிதும் வழங்கும் வடிவில் பயிற்சிக்கு 28 பேரின் குரல், 11,572 வாக்கியங்கள். சோதனைக்கு 2 பேர், 824 வாக்கியங்கள். அனைவரும் ஆங்கிலம் பேசுவோர். கலந்த இரைச்சல்களோ சமையலறை, சிற்றுண்டிக்கூடம், கார், மெட்ரோ ரயில் போன்றவை. அரக்குத் தட்டின் கரகரப்பு அவற்றில் இல்லை. மாநாட்டுத் திடலின் கூம்பு ஒலிபெருக்கியும் இல்லை. இந்த 28 பேரின் நாக்கில் பயின்ற கருவிகளுக்கு மற்ற இருவரின் நாக்கைக் கொண்டு மதிப்பெண் போடப்படுகிறது. இத்தகைய மதிப்பெண்ணை நம்பிப் பிற மொழிகளின் முன்னோர் குரலையும் திருத்த முற்படுவதே ஆபத்து.

தமிழில் இதன் விளைவை ஒரே சொல்லில் காணலாம்: வாழைப்பழம். தென்மாவட்டத்தார் பலர் வாயில் அது ‘வாளப்பளம்’. சென்னைப் பக்கத்தில் ‘வாயப்பயம்’. சிலர் ழகரத்தை முழுமையாக உருட்டுவர். பேசியவரின் ஊரையும் வளர்ப்பையும் அந்த ஒற்றைச் சொல் சொல்லிவிடும். ல, ள, ழ மூன்றையும் காது பிரித்தறிவது பெரும்பாலும் 1,500 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில். பழைய தட்டுகளில் குரல் மெலிந்து கரகரப்பு ஓங்கும் பகுதியும் அதுவே. ஆங்கிலத்தில் ளகரமும் இல்லை, தமிழ் ழகரமும் இல்லை. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த கருவி மங்கிய ழகரத்தைத் தனக்குத் தெரிந்த ஒலியின் பக்கம்தான் சாய்க்கும். ‘ட’, ‘க’ போன்ற வல்லினங்களின் தொடக்க வெடிப்பு சில மில்லிநொடிதான் நீடிக்கும். கீறலின் ‘டிக்’ என்று எண்ணி அதையும் நறுக்கிவிடக்கூடும். மொழியியலாளர் கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்பின்போது பதிந்த கிராமபோன் தட்டுகளில் தமிழ்ப் பேச்சும் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய உச்சரிப்புக்கு அவைபோன்ற சில தட்டுகளே சாட்சி. அவற்றை 28 பேரின் நாக்குக்கு ஒப்படைப்பது மொழிக்குச் செய்யும் துரோகம்.

கூட்டத்தின் ஒலியை நீக்குவது அதைவிடக் கொடிது. அரசியல் மேடையில் பேச்சாளர் ஒரு வாக்கியத்தை நிறுத்துவதும் அடுத்ததைத் தொடங்குவதும் கைதட்டலைப் பொறுத்தது. கைதட்டலை அழித்தால் அவர் காரணமில்லாமல் திக்கி நிற்பவராகத் தோன்றுவார். இடத்தின் ஒலி இல்லாத பதிவு எவ்வளவு ஏமாற்றும் என்பதற்குச் சர்ச்சிலே சான்று. 1940 ஜூன் 4 அன்று பிரிட்டனின் காமன்ஸ் அவையில் அவர் ஆற்றிய புகழ்பெற்ற உரையை அங்கே எவரும் ஒலிப்பதிவு செய்யவில்லை. உலகம் இன்று கேட்பது 1949-இல் அவர் தன் சார்ட்வெல் வீட்டில் மறுபடி படித்துப் பதிந்தது. அதில் அவையின் ஆரவாரம் இல்லை. அந்த இன்மைதான் அது அவையில் பதிந்ததன்று என்பதற்குக் காதுக்குக் கிடைக்கும் துப்பு. எல்லாப் பதிவுகளையும் துலக்கிவிட்டால் அவையில் பேசியதும் அறையில் படித்ததும் ஒரே குரலில் ஒலிக்கும்.

இரைச்சலோடு வெளியிட்டால் இளைஞர்கள் கேட்கமாட்டார்கள் என்பது மறுதரப்பின் வாதம். ஆனால் கல்வெட்டு தேய்ந்திருக்கிறது என்று புதிதாக வெட்டி வைக்க எவரும் துணிவதில்லை. மைப்படி எடுத்துப் படிக்கிறார்கள். குரலுக்கு மட்டும் வேறு நீதி கேட்பது சோம்பலுக்குக் கண்டுபிடித்த சாக்கு.

செய்ய வேண்டியது புதிதுமல்ல. ஒலி, காட்சி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் தன் வழிகாட்டியின் 2009 பதிப்பிலேயே இதை வகுத்திருக்கிறது. மூலத்தைக் குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில், எதையும் திருத்தாமல், இரைச்சலோடு சேர்த்துப் பிரதி எடுக்க வேண்டும். துலக்குவதெல்லாம் கேட்போருக்கான மறுபிரதியில் மட்டுமே. எந்த ஊசி, என்ன வேகம், எந்த மென்பொருள், எவ்வளவு நீக்கம் என்ற குறிப்பு கூடவே இருக்க வேண்டும். இந்த நெறியைச் சட்டமாக்க வேண்டும். திருத்தாத பிரதியை வெளியிடாமல் துலக்கிய பிரதியை மட்டும் வெளியிடுவதை, அது பேச்சாளரைப் புகழ்வதற்கானதே ஆயினும், ஆவணத் திருத்தக் குற்றமாகவே கொள்ள வேண்டும். ஓலைச்சுவடியில் ஓர் எழுத்தை மாற்றி எழுதுவது எவ்வளவு பெரிய பிழையோ, ஒலிப்பதிவில் ஒரு ழகரத்தை மாற்றி வரைவதும் அவ்வளவு பெரிய பிழை.