புது இறக்குமதியாளரின் முதல் கடிதம்

அயல்நாடுகளிலிருந்து உணவுப் பொருள்களைத் தருவித்து விற்க முற்படும் புது வியாபாரிகள் அங்குள்ள ஏற்றுமதியாளருக்கு எழுதும் அறிமுகக் கடிதங்களில் பெரும்பாலானவை, தம் ஸ்தாபனத்தின் பெருமையையும், நம் நாட்டுச் சந்தையின் விஸ்தீரணத்தையும், மாதந்தோறும் எத்தனை கண்டெய்னர் எடுக்கக்கூடும் என்பதையும் விஸ்தாரமாகப் பேசுகின்றனவேயன்றி, சரக்கை அனுப்புகிறவர் உண்மையில் அறிய விரும்பும் சங்கதிகளைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. நேற்றுத் தொடங்கிய கம்பெனிக்குச் சொல்லிக்கொள்ளப் பூர்வ சரித்திரம் ஏது? தான் ஏற்கும் பொறுப்புகளைத் திட்டவட்டமாக எடுத்துரைப்பதொன்றே அதற்குரிய யோக்கியதாபத்திரம் என்பது என் அபிப்பிராயம்.

சென்னையில் ஒருவர் பர்மாவிலுள்ள ரங்கூனிலிருந்து உளுந்து தருவிக்க எண்ணுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு வகைகளை உலகிலேயே மிகுதியாக விளைவிப்பதும், உண்பதும், இறக்குமதி செய்வதும் இந்தியாவே என்பதை ரங்கூன் வர்த்தகருக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. வேண்டுவது எஃப்.ஏ.க்யூ. என்னும் சராசரித் தர ரகமா, எஸ்.க்யூ. என்னும் விசேஷத் தர ரகமா, ஈரப்பதமும் கல்மண்ணும் வண்டரித்த மணிகளும் எவ்வளவு வரை ஏற்கப்படும், சுமார் 24 டன் கொள்ளும் இருபதடிக் கண்டெய்னர் ஒன்றா, இரண்டா, பேசும் விலையில் சென்னை வரையிலான கப்பல் கூலியும் இன்ஷூரன்ஸும் அடக்கமா, பணம் பாங்கின் கடனுறுதிப் பத்திரமாகிய எல்.சி. மூலம் வருமா, வேறு வழியிலா என்பனவற்றையே அவர் கண்கள் தேடும். எல்.சி. முறையில் பாங்கு சரிபார்ப்பது பத்திரங்களையேயன்றிப் பருப்பை அன்று. ஆதலால், சரக்கேற்றும் இடத்திலேயே நடுநிலைப் பரிசோதகர் தரும் தரச்சான்றும் அப்பத்திரங்களுள் ஒன்றாக இருத்தல் வேண்டுமென்று முதலிலேயே கேட்டுவிடுவது இரு தரப்பாருக்கும் க்ஷேமம்.

இந்நாட்டு விதிகளை விளக்கும் கடமையும் வாங்குகிறவருடையதே. தம்மிடமுள்ள இறக்குமதிக் குறியீட்டு எண்ணையும் உணவுப் பாதுகாப்பு ஆணையமாகிய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் உரிம எண்ணையும் குறிப்பிடுவதோடு, தானியம், பருப்பு போன்றவற்றுக்கு ஏற்றுமதி நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழ் அவசியம் என்பதையும், காலாவதி தேதியுள்ள பண்டமாயின் அவ்வாணையத்தின் 2017-ஆம் ஆண்டு இறக்குமதி விதிகளின்படி, இங்கே விடுவிக்கப்படும் வேளையில் அதன் ஆயுளில் 60 சதவீதம் அல்லது மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அதுவேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பதையும் அவர் தெரிவிக்கவேண்டும். இவற்றைச் சொல்லாமல் விட்டு, சரக்கு துறைமுகத்தில் தேங்கி டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறும்போது அனுப்பியவரை நோவது நியாயமன்று.

கொள்கை மாறுதல் என்ற அபாயமும் உண்டு. 2017 ஆகஸ்டில் துவரைக்கும் உளுந்துக்கும் இந்தியா இறக்குமதி உச்சவரம்பு விதித்தபோது, நம் சந்தையை நம்பிப் பயிரிட்டிருந்த பர்மிய விவசாயிகள் விலை சரிந்து தவித்தார்கள். 2021-இல் அக்கட்டுப்பாடு தளர்ந்து, பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் தருவிக்க உடன்பாடும் ஏற்பட்டதாயினும், பழைய அனுபவத்தை அவர்கள் அவ்வளவு எளிதில் மறக்கமாட்டார்கள். கப்பல் புறப்பட்டபின் விதி மாறினால் நஷ்டம் யாரைச் சேரும் என்பதற்கும் கடிதத்தில் இடமளிப்பதே விவேகம்.

இப்படி உள்ளதை உள்ளபடி எழுதினால், சிறு வியாபாரி என்று இளப்பமாக எண்ணிவிடுவார்களே என்பர் சிலர். ஆனால், நூறு கண்டெய்னர் என்று ஆசை காட்டி விலையைக் குறைக்கச் செய்தவர், கடைசியில் ஒன்றுக்கே எல்.சி. திறக்கத் தயங்குவாரானால், அவர் பேர் கெடுவதோடு, அவருக்குப் பின்னால் இதே ஊரிலிருந்து எழுதுகிறவருக்கும் பதில் வராமற்போகும். ஆகையால், வர்த்தக சபைகள் புதியோரின் முதல் கடிதத்தைப் பார்த்துத் திருத்திக் கொடுப்பதையும், அவர்களுடைய பாங்கின் நற்சான்றைப் பெற்று அத்துடன் இணைக்க உதவுவதையும் தம் நிரந்தரப் பணிகளுள் ஒன்றாக மேற்கொள்ளவேண்டும்.