10 டாலருக்கு மாசம் முழுக்க சினிமா!

காலேஜ் படிச்ச காலத்துல நாங்க சாப்பிட்ட மெஸ்ல மாச டோக்கன் உண்டு. முன்கூட்டியே பணத்தைக் கட்டிட்டா ரெண்டு வேளையும் அளவில்லாத சாப்பாடு. எங்க ரூம்ல ஒரு மகானுபாவன் இருந்தான். சாம்பாருக்கு மட்டும் மூணு தடவை சாதம் வாங்குவான். அப்புறம் ரசம், மோர்னு அது பாட்டுக்குப் போகும். அவன் தலை தெரிஞ்சாலே மெஸ்காரர் பெருமூச்சு விடுவார். ஆனா ஒரு நாளும் "நாளையிலேர்ந்து வராதேப்பா"ன்னு சொன்னதில்லை. ஏன்னா உலை அவரோடது. அரிசி மொத்த விலைக்கு வாங்கினது. இன்னும் ரெண்டு கரண்டி சாதத்துல அவர் குடி முழுகிடாது. அரை வயிறு சாப்பிடற நாலு பேர் அந்தக் கணக்கை நேர் பண்ணிடுவாங்க.

இப்ப இன்னொருத்தரை யோசிச்சுப் பாருங்க. அவர்கிட்ட உலையும் இல்லை, அரிசியும் இல்லை. உங்ககிட்ட மாசத்துக்கு ஒரு சாப்பாட்டுக் காசை வாங்கிக்கிட்டு, தினமும் பக்கத்து ஹோட்டல்ல முழு விலை குடுத்து உங்களுக்கு மீல்ஸ் டோக்கன் வாங்கித் தர்றார். எத்தனை நாள் தாங்குவார்?

அமெரிக்காவுல ஒரு கம்பெனி இதைத்தான் பண்ணுச்சு. சாப்பாட்டுக்குப் பதிலா சினிமா, அவ்வளவுதான் வித்தியாசம். பேரு மூவிபாஸ்.

ஆரம்பம் ஒழுங்காத்தான் இருந்தது. 2011இல் ஸ்டேசி ஸ்பைக்ஸ், ஹாமெட் வாட்னு ரெண்டு பேர் தொடங்கினாங்க. மாசச் சந்தா கட்டினா தியேட்டர்ல படம் பார்க்கலாம். தியேட்டர் பக்கத்துல போய் செல்போன்ல படத்தைத் தேர்ந்தெடுத்தா, டிக்கெட் விலை அவங்க குடுத்த கார்டுல ஏறும். கவுண்டர்ல அதைத் தேய்ச்சு டிக்கெட் வாங்கிக்க வேண்டியதுதான். தியேட்டர்காரருக்கு டிக்கெட்டோட முழு விலையும் போயிடும். (இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க.) ஊரைப் பொறுத்து சந்தா 50 டாலர் வரைக்கும் இருந்தது. வாடிக்கையாளர்கள் சில ஆயிரம் பேர். பெரிசா வளரலை, ஆனா செத்தும் போகலை.

2017 ஆகஸ்ட்ல குண்டு போட்டாங்க. மாசம் 9.95 டாலர், தினம் ஒரு படம்! அந்த வருஷம் அமெரிக்காவுல ஒரு டிக்கெட்டோட சராசரி விலையே கிட்டத்தட்ட 9 டாலர். நியூயார்க் மாதிரி ஊர்ல இன்னும் அதிகம். அதாவது மாசம் ரெண்டாவது படம் பார்த்தாலே கம்பெனிக்கு நஷ்டம். மக்கள் விடுவாங்களா? டிசம்பர்ல 10 லட்சம் பேர். 2018 ஜூன்ல 30 லட்சம் பேர்.

பணம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்கறீங்களா? அதே ஆகஸ்ட்ல மூவிபாஸோட பெரும்பங்கை வாங்கறதா அறிவிச்ச கம்பெனி ஹெலியோஸ் அண்ட் மேத்சன் அனலிடிக்ஸ். பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? நம்ம சென்னையில இருந்த ஹெலியோஸ் அண்ட் மேத்சன் ஐ.டி. கம்பெனி, நியூயார்க்ல ஒரு கம்பெனியை வாங்கி அதுக்கும் தன் பேரையே வெச்சது. அதுதான் இது. சென்னைக் கம்பெனி வைப்புத்தொகை போட்டவங்களுக்குப் பணம் திருப்பித் தர முடியாம நீதிமன்றம் வரை போய்க் கலைஞ்சது தனிக்கதை. மூவிபாஸ் கதை நடந்தப்ப நியூயார்க் கம்பெனிக்குத் தலைவர் டெட் ஃபார்ன்ஸ்வொர்த். மூவிபாஸுக்குத் தலைவர் மிட்ச் லோ, நெட்ஃபிளிக்ஸோட ஆரம்ப காலத்து ஆள்.

விலை குறைஞ்சதும் ஹெலியோஸ் ஷேர் விலை சில டாலர்லேர்ந்து அக்டோபர்ல 30 டாலரைத் தாண்டுச்சு. புதுப் பங்கு வெளியிட்டுப் பணம் திரட்ட வேண்டியது, அந்தப் பணத்துல உங்களுக்கும் எனக்கும் டிக்கெட் வாங்கித் தர வேண்டியது. மாசம் 2 கோடி டாலருக்கு மேல் கரைஞ்சதுன்னு அவங்களே கணக்கு குடுத்தாங்க. என்னைக் கேட்டா அங்கே வியாபாரம் ஆனது சினிமா டிக்கெட் இல்லை, ஷேர்தான். சினிமா அதுக்குப் போட்ட தோரணம்.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2018 ஜூலை கடைசியில ஒரு நாள் டிக்கெட் வாங்கவே பணம் இல்லாம சேவை நின்னுச்சு. அவசரமா 50 லட்சம் டாலர் கடன் வாங்கி ஓட்டினாங்க. அதே வாரம் 250 ஷேரை ஒண்ணாக்கி விலையை ஏத்திப் பார்த்தாங்க. ஒரு வாரத்துக்குள்ள அதுவும் ஒரு டாலருக்குக் கீழே வந்துடுச்சு. ஆகஸ்ட்ல "மாசம் 3 படம்தான்"னு சொன்னாங்க. 2019 செப்டம்பர்ல கடையைச் சாத்தினாங்க. 2020 ஜனவரியில ஹெலியோஸ் திவால்.

"ஓசியில கிடைச்சா ஜனங்க இப்படித்தான் தின்னு தீர்ப்பாங்க, அதான் கம்பெனி போச்சு"ன்னு சொல்றவங்களைப் பார்த்திருக்கேன். எனக்கு அதுல சம்மதமே இல்லை.

2021இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் வெச்ச குற்றச்சாட்டைப் பாருங்க. நிறைய படம் பார்த்த 75,000 சந்தாதாரர்களோட பாஸ்வேர்டை கம்பெனியே செல்லாம ஆக்கிட்டு, "உங்க கணக்குல சந்தேகப்படற மாதிரி ஏதோ நடந்திருக்கு"ன்னு பொய் சொல்லுச்சாம். யோசிச்சுப் பாருங்க, அந்த 75,000 பேர்தான் சினிமாவை உயிரா நினைக்கற ஆளுங்க. எந்த வியாபாரத்துலயும் இவங்களுக்குத்தான் முதல் மரியாதை. இங்கே சினிமாவை நேசிச்சதே குற்றம். "எவ்வளவு வேணா பாருங்க"ன்னு நீங்க சொன்னீங்க, அவங்க நம்பிப் பார்த்தாங்க. வார்த்தையை நம்பினவனா திருடன்?

2022இல் அரசு ஃபார்ன்ஸ்வொர்த், லோ ரெண்டு பேர் மேலயும் மோசடி வழக்கு போட்டுச்சு. 9.95ங்கறது ஆள் சேர்க்கவும் ஷேர் விலையை ஏத்தவும் பண்ணின தற்காலிக வித்தைன்னு அவங்களுக்கே தெரியும், ஆனா முதலீட்டாளர்கள்கிட்ட நிலைச்சு நிற்கற தொழில்னு சொன்னாங்க என்பது குற்றச்சாட்டு. 2024இல் லோவும், 2025 ஜனவரியில ஃபார்ன்ஸ்வொர்த்தும் குற்றத்தை ஒத்துக்கிட்டாங்க. இனியும் பழியை ரசிகன் தலையில போடறது நியாயமா?

அப்ப சினிமாவுக்குச் சந்தாங்கற யோசனையே தப்பா? அதுவும் இல்லை. பிரான்ஸ்ல யூ.ஜி.சி. தியேட்டர்கள் 2000இலேயே அளவில்லாத கார்டு குடுத்தாங்க. மூவிபாஸ் தள்ளாடின நேரத்துலயே, 2018 ஜூன்ல, ஏ.எம்.சி. தியேட்டர்காரங்க வாரம் 3 படம், மாசம் 19.95 டாலர்னு ஒரு திட்டம் கொண்டுவந்தாங்க. ஆறு மாசத்துக்குள்ள 5 லட்சம் பேருக்கு மேல சேர்ந்தாங்க. நம்ம நாட்டுல 2023 அக்டோபர்ல பி.வி.ஆர். ஐநாக்ஸ் 699 ரூபாய்க்கு மாசம் 10 படம்னு ஆரம்பிச்சாங்க, திங்கள் முதல் வியாழன் வரைக்கும் மட்டும். ஏன் அந்த நாலு நாள்? காலியா கிடக்கற சீட்டு அப்பத்தான் அதிகம். காலி சீட்டுல ஒருத்தர் உட்கார்ந்தா தியேட்டர்காரருக்குப் பெரிசா நஷ்டம் இல்லை. இடைவேளையில பாப்கார்ன் வாங்கினா லாபம்தான். மூவிபாஸுக்கு அந்தப் பாப்கார்ன் காசு கிடைக்கவே இல்லை.

அதாவது இவங்க மெஸ்காரங்க. உலை இவங்களோடது.

கதை தெரிஞ்ச பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கு. சாப்பாடு, டாக்ஸி, மளிகைன்னு யாராவது அடிமாட்டு விலைக்கு அள்ளிக் குடுக்கறேன்னு வந்தா, "உலை யாரோடது?"ன்னு கேட்டுக்கறேன். அவரோடது இல்லைன்னா, யாரோ ஒரு முதலீட்டாளர் காசுல விருந்து நடக்குது. சாப்பிடலாம், தப்பில்லை. ஆனா அடுத்த மாசமும் இலை போடுவாங்கன்னு நம்பி வருஷச் சந்தா கட்டிடாதீங்க.

பி.கு: 2018இல் கம்பெனியை விட்டு வெளியே அனுப்பப்பட்ட ஸ்பைக்ஸ், 2021இல் மூவிபாஸைத் திரும்ப வாங்கி அடுத்த வருஷமே மறுபடி ஆரம்பிச்சார். இந்தத் தடவை அளவுச் சாப்பாடு. எங்க ரூம் மகானுபாவனும் இப்ப அதே கட்சிதான், டாக்டர் சொல்லிட்டாராம்!