பொக்கிஷம்னு சொன்னா காசு குடுக்க வேணாம்

அப்பாவோட காமிக்ஸை விற்கப் போகிறேன் என்று நாலு பேரிடம் சொன்னேன். நாலு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "பொக்கிஷம்ங்க அது, வித்துடாதீங்க." அதில் இரண்டு பேர் மறுநாளே தனியாகக் கூப்பிட்டு, "மொத்தமா எவ்ளோக்குக் குடுப்பீங்க?" என்றார்கள்.

அந்த இரண்டு போன் கால்கள்தான் இதை எழுத வைத்தன.

அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்யும் சின்னப் பட்டறையில் வேலை பார்த்தவர். சம்பளம் வந்தால் ஒரு ராணி காமிக்ஸ், ஒரு லயன். இரண்டுமே 1984 ஜூலையில் தொடங்கியவை. அதற்கும் மூத்தது, 1972இல் இரும்புக்கை மாயாவியோடு சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ். மூன்றும் கலந்து இரும்புப் பெட்டியில் இருநூற்றுச் சொச்சம் இருக்கிறது. நான் படிப்பதில்லை. வீடு மாறுகிறோம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருக்கிறது. இதில் நான் வெட்கப்பட என்ன இருக்கிறது?

'பொக்கிஷம்' என்கிற வார்த்தைக்கு ஒரே வேலைதான். விற்பவரை வெட்கப்பட வைப்பது. வெட்கப்படுகிறவர் விலை பேச மாட்டார். விலை பேசாதவர் ஒருநாள் அவசரத்தில் மொத்தமாகத் தள்ளிவிடுவார். பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் போனது, கைமாறிக் கைமாறி ஒவ்வொன்றும் ஆயிரங்களில் விற்கும். அந்த வியாபாரத்தைக் குறை சொல்லவில்லை. அதற்குப் பண்பாட்டுச் சேவை என்று பேர் வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. பத்து சென்டுக்கு விற்ற 1938ஆம் வருஷத்து 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 2014இல் ஈபே ஏலத்தில் 32 லட்சம் டாலருக்குப் போனதைப் படித்துவிட்டு, நம் பெட்டியிலும் புதையல் இருக்கிறது என்று கிளம்பும் கூட்டம். அங்கே ஒவ்வொரு பிரதியையும் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று தரம் போடும் நிறுவனமே உண்டு. ஏலத்தொகை ஊரறியப் பதிவாகிறது. இங்கே விலை என்பது ஒருவர் இன்னொருவர் காதில் சொல்வது. அந்த ரகசியத்தில் லாபம் வாங்குபவருக்கு மட்டும்தான்.

அப்போ என்னதான் செய்வது? அப்பாவின் பட்டறையிலேயே பதில் இருந்தது. சூளை ஆறியதும் சரக்கை யாரும் அப்படியே அள்ளிக் கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்லது, சத்தம் செத்திருந்தால் விரிசல். நல்லது தனி, கோணல் தனி, உடைசல் தனி.

நானும் பிரித்தேன். இதழ் எண், வருஷம், அட்டை இருக்கிறதா, பக்கம் குறைகிறதா, பின் துருப்பிடித்திருக்கிறதா என்று ஒரு நோட்டில் எழுதினேன். எதையும் செலோடேப் போட்டு ஒட்டவில்லை. அது தாளைக் கெடுக்கும், வாங்குபவருக்கும் சந்தேகம் வரும். கிழிசலை மறைக்காமல் படமெடுத்தேன். எந்தக் கதை மறுபதிப்பாக வந்திருக்கிறது என்று பார்த்தேன். கதைக்காக வாங்குபவர் புதிய தாளில் வந்ததை வாங்கிவிடுவார். பழசைத் தேடுபவருக்கு வேண்டியது அந்த அட்டை, அந்தத் தாள். இருநூறில் இருபதுதான் நல்ல விலை போகும். மொத்தமாகக் கேட்பவருக்குக் கண் அந்த இருபது மேலேதான். மீதி நூற்றெண்பதைக் காட்டித்தான் அதற்கு விலையைக் குறைப்பார்.

"சேகரிப்பு சிதறிடுமே" என்பார்கள். பிரிக்கும்போது ஒன்று கவனித்தேன். பாதி இதழ்களின் முதல் பக்கத்தில் வேறு யார் யாரோ பேர் எழுதியிருக்கிறார்கள். பட்டறையில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கைமாறி வந்தவை. அப்பாவே பாதியை இரண்டாம் கையாகத்தான் வாங்கியிருக்கிறார். காமிக்ஸ் அப்படித்தான் வாழ்ந்தது. அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டி வைப்பவர்கள் எனக்கு மரபு பற்றி வகுப்பெடுக்க வேண்டாம்.

இருபதைத் தனித்தனியாக விற்பேன். நடுத்தரமானவற்றைப் பத்துப் பத்தாகக் கட்டி, படிக்க ஆசைப்படுகிறவர்களுக்குக் குறைந்த விலைக்குத் தருவேன். அட்டை போனவை தெருப் பிள்ளைகளுக்கு. இரண்டு பேர் ஏற்கெனவே வாசலில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்கள்.

போன வாரம் அந்த இருவரில் ஒருவர் மறுபடி கூப்பிட்டார். பட்டியலை அனுப்பினேன், ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு. இன்னும் பதில் வரவில்லை.