விகுதி சிறிது, வேலை பெரிது!

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்)

வேதியியல் மாணவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். கலவைக்கும் சேர்மத்திற்கும் வேறுபாடு படித்தவனுக்கு அங்கேயும் வேலை உண்டு என்பது என் எண்ணம்.

என் ஊர் சமயபுரம். என் தாயார் மாரியம்மன் கோயில் தெருவில் பூக்கட்டி விற்பவர். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் இரவு பகல் கிடையாது. அவர் நாரில் பூவைச் சேர்ப்பதைக் காணும்போதெல்லாம் தமிழ் வினைச்சொல்லே என் நினைவுக்கு வரும்.

‘செய்தேன்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள்: செய் + த் + ஏன். செயல் ஒரு பூ. காலம் ஒரு பூ. செய்தவர் ஒரு பூ. ‘த்’தை எடுத்துவிட்டு ‘வ்’ வைத்தால் ‘செய்வேன்’. மற்றவை அசைவதில்லை. இவ்வாறு சொல்லைப் பிரிக்க, பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை வகுத்துத் தந்தார் நன்னூலாசிரியர் பவணந்தியார்.

ஸ்பானிய மொழி அப்படியன்று. ‘ஆப்லோ’ என்பதில் முதல் அசையை அழுத்தினால், ‘நான் பேசுகிறேன்’. கடைசி அசையை அழுத்தினாலோ, ‘அவன் பேசினான்’. ‘அவள் பேசினாள்’ என்பதற்கும் அதுவே! அந்த ஓர் ‘ஓ’வுக்குள் காலமும் இடமும் எண்ணும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. நம்முடையது மாலை, அது சேர்மம். வடமொழியும் இலத்தீனும் அவ்வினமே. அத்தகைய மொழிகளே உயர்ந்தவை என்று 1808இல் எழுதினார் ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் ஷ்லேகல். உப்பு உயர்ந்ததா, மாலை உயர்ந்ததா என்று யாரேனும் கேட்பார்களா?

உண்மையில் தமிழிலும் சேர்மம் உண்டு. ‘செய்தான்’ என்பதில் உள்ள ‘ஆன்’ படர்க்கை, ஆண்பால், ஒருமை மூன்றையும் சேர்த்தே சொல்கிறது. எந்தச் சோதனைச் சாலையிலும் அதைப் பிரிக்க இயலாது. ‘ஆர்’ வந்தாலோ மரியாதையும் சேர்ந்துகொள்கிறது. இங்கேதான் என் நெஞ்சு நோகிறது.

ஐம்பதைக் கடந்த என் தந்தையார் பூக்கூடையோடு ஒரு வீட்டு வாசலில் நின்றார். என்னிலும் இளைய பையன் ஒருவன் உள்ளே திரும்பி, “பூக்காரன் வந்திருக்கான்” என்றான். பின்னால் நின்ற என்னைக் கண்டதும், “காலேஜ் படிக்கிறவரும் வந்திருக்கார்” என்று சேர்த்துக்கொண்டான். படிப்பு எனக்கு வாங்கித் தந்த விகுதியை, முப்பதாண்டு உழைப்பு என் தந்தைக்கு வாங்கித் தரவில்லை!

ஒருமையே குற்றம் என்று நான் சொல்லவில்லை. “ஆத்தா வந்துட்டா” என்று அம்மனையே ஒருமையில்தான் அழைக்கிறோம், அது அன்பு. குற்றம் விகுதியில் இல்லை, அதைத் தேர்ந்தெடுக்கும் மனத்தில் இருக்கிறது.

மாணவத் தோழர்களே! நாளை நாம் பட்டம் பெறுவோம். ‘ஆர்’ நம்மைத் தேடி வரும். அதைப் பெறுமுன், பூக்கட்டுபவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அதைக் கொடுக்கப் பழகுவோம். ‘ன்’ இருந்த இடத்தில் ‘ர்’ வைக்கக் காசு செலவில்லை!